பிஸ்டன் கம்ப்ரசருக்கு ஆயில் கொடுப்பது எப்படி

கோவைக்குப் பக்கத்தில் ஒரு நூற்பாலையில் முப்பத்தொரு வருடம் கம்ப்ரசர் ரூமில் இருந்தேன். ஃபிட்டராகச் சேர்ந்து, மெயின்டனன்ஸ் மேஸ்திரியாக ஓய்வு பெற்றேன். புதிதாக ஒரு பையன் வேலைக்கு வந்தால் முதல் நாளே அவனை மிஷின் முன்னால் நிறுத்தி, "இதுக்கு எத்தனை இடத்துல ஆயில் ஊத்தணும்?" என்று கேட்பேன். எல்லாரும் கிராங்க் கேஸைக் காட்டுவார்கள். ஓரத்தில் சாப்பாட்டு டப்பா அளவில் உட்கார்ந்திருக்கும் லூப்ரிகேட்டர் பெட்டியை ஒருவரும் காட்டியதில்லை. அந்தப் பெட்டியை மறந்ததால் வந்த செலவையும் பார்த்திருக்கிறேன், அதை அளவுக்கு மேல் கவனித்ததால் வந்த செலவையும் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் மிஷினை வைத்தே சொல்கிறேன். படுக்கை வாக்கில் இருக்கும். நடுவில் கிராங்க் கேஸ், இரண்டு பக்கமும் ஒவ்வொரு சிலிண்டர். சிலிண்டர் விட்டம் முதல் ஸ்டேஜில் 12 அங்குலம், இரண்டாம் ஸ்டேஜில் 7 அங்குலம், ஸ்ட்ரோக் 5 அங்குலம், 730 ஆர்பிஎம், 100 ஹெச்பி மோட்டார். பிஸ்டன் போகும்போதும் காற்றை அழுத்தும், வரும்போதும் அழுத்தும். இரண்டு ஸ்டேஜுக்கும் நடுவில் காற்றை ஆற்றும் இன்டர்கூலர். கடைசியில் 7 கிலோ (சதுர சென்டிமீட்டருக்கு) பிரஷரில் காற்று ரிசீவர் தொட்டிக்குப் போய், அங்கிருந்து நூலைக் கோனில் சுற்றும் ஆட்டோகோனர் மிஷின் வரை ஓடும். ஆட்டோகோனரில் அறுந்த நூலை ஒட்டுவது இந்தக் காற்றுதான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இந்த ஒரு மிஷினுக்குள் இரண்டு ஆயில் வேலை செய்கிறது. கிராங்க் கேஸில் இருப்பது சுற்றிச் சுற்றி வரும் ஆயில். போகும், திரும்பி வரும், ஃபில்டர் ஆகும், மறுபடி போகும். அதைத் தாராளமாகக் கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். சிலிண்டருக்கும், பிஸ்டன் ராடைச் சுற்றிக் காற்று கசியாமல் அடைக்கும் பேக்கிங்குக்கும் லூப்ரிகேட்டரிலிருந்து போவது திரும்பி வராத ஆயில். போனால் போனதுதான், காற்றோடு கலந்து வெளியே போய்விடும். அதைச் சொட்டுக் கணக்கில்தான் கொடுக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே டிரம்மிலிருந்து எடுத்து ஊற்றினாலும், கொடுக்கும் முறை நேர் எதிர்.

முதலில் சுற்றி வரும் ஆயில்.

கிராங்க் கேஸின் அடித்தட்டுதான் சம்ப். அதில் ஒரு ஸ்ட்ரெய்னர், அதாவது சல்லடை, மூழ்கிக் கிடக்கும். கிராங்க் ஷாஃப்டின் ஒரு முனையிலேயே கியர் பம்ப் மாட்டியிருக்கும். மிஷின் சுற்றினால் பம்பும் சுற்றும். பம்ப் இழுத்த ஆயில் கூலருக்குப் போய், ஃபில்டர் வழியாக மெயின் பேரிங்குக்கு வரும். மெயின் பேரிங்கிலிருந்து கிராங்க் ஷாஃப்டுக்குள்ளேயே துளை போட்டிருப்பார்கள். அதன் வழியாக, கனெக்டிங் ராட் கிராங்கைப் பிடித்திருக்கும் பிக் எண்ட் பேரிங்குக்குப் போகும். அங்கிருந்து கனெக்டிங் ராடின் உள்ளே நீளமாக இன்னொரு துளை; அது ஆயிலை ராடின் மறுமுனையில் இருக்கும் கிராஸ்ஹெட் பின்னுக்குக் கொண்டுபோய்விடும். கிராஸ்ஹெட் என்பது கனெக்டிங் ராடையும் பிஸ்டன் ராடையும் இணைத்து முன்னும் பின்னும் வழுக்கும் துண்டு; இரண்டையும் கோக்கும் ஆணிதான் பின். கிராஸ்ஹெட் வழுக்கும் தடத்துக்கும் ஒரு கிளை போகும். எல்லா இடத்திலும் வேலை முடிந்த ஆயில் சொட்டி மறுபடி சம்புக்கே வந்து சேரும். ஒர்க்‌ஷாப்பில் இருக்கும் 5 ஹெச்பி, 10 ஹெச்பி சின்ன கம்ப்ரசரில் இந்தப் பம்பெல்லாம் இருக்காது. கனெக்டிங் ராடின் அடியில் ஒரு கரண்டி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும், அது ஆயிலை அடித்துத் தெறிக்க வைக்கும். அதில் ஆயில் லெவல் ஒன்றுதான் உயிர்: குறைந்தால் கரண்டிக்கு எட்டாது, கூடினால் பிஸ்டன் ரிங் வழியாக மேலே ஏறிவிடும்.

பம்பிலிருந்து வரும் பிரஷர்தான் ஷாஃப்டைத் தூக்கிப் பிடிக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது இல்லை. எங்கள் மிஷினில் ஆயில் பிரஷர் 2.5 முதல் 3 கிலோ. பேரிங் மேல் வரும் சுமை அதைவிட எத்தனையோ மடங்கு. பம்பின் வேலை ஆயிலை வாசல் வரை கொண்டுவந்து கொடுப்பது மட்டும்தான். 100 மி.மீ. ஷாஃப்டுக்கும் பேரிங்குக்கும் நடுவில் 0.1 மி.மீ. அளவுதான் இடைவெளி. ஷாஃப்ட் வேகமாகச் சுற்றும்போது ஆயிலைத் தானே இழுத்து, ஆப்பு மாதிரி இடுக்கில் செருகிக்கொள்கிறது. அந்த ஆப்பின் மேல்தான் அது மிதக்கிறது. ஆயில் தண்ணியாகிவிட்டால் ஆப்பு நிற்காது. ரொம்பக் கெட்டியாக இருந்தால் இடுக்குக்குள் போகாது.

கிராஸ்ஹெட் பின் கதை வேறு. இந்த மிஷினில் எனக்கு அதிகமாகக் கற்றுக்கொடுத்த இடம் அதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

பின் சுற்றுவதில்லை. தொட்டில் மாதிரி இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் ஆடும், அவ்வளவுதான். சுற்றாததால் ஆயிலை இழுத்து ஆப்பு போட அதற்குத் தெரியாது. அப்படியானால் அந்தப் பின் எப்படி உயிரோடு இருக்கிறது? பிஸ்டன் வெளியே போய் அழுத்தும்போது ராட் தள்ளப்படுகிறது. உள்ளே வந்து அழுத்தும்போது ராட் இழுக்கப்படுகிறது. சுமை ஒரு பக்கம் இருக்கும்போது பின்னுக்கும் அதைச் சுற்றியுள்ள புஷ்ஷுக்கும் நடுவே எதிர்ப் பக்கத்தில் ஒரு சின்ன இடைவெளி திறக்கும். ஆயில் அதில் பாய்ந்து நிரம்பும். அடுத்த நொடித்துளியில் சுமை மாறி அந்தப் பக்கம் அழுத்தும்போது, நிரம்பிய ஆயில் உடனே பிதுங்கி வெளியேற முடியாமல் மெத்தையாகத் தாங்கும். 730 ஆர்பிஎம்மில் ஒரு நொடிக்குப் பன்னிரண்டு தடவை இது நடக்கிறது. சுமை இப்படித் திசை மாறிக்கொண்டே இருந்தால்தான் பின்னுக்கு ஆயில். பெரிய பிளான்ட்களுக்கு மிஷின் வாங்கும்போது பார்க்கும் ஏபிஐ 618 என்ற தரவிதியில் இதற்கென்றே கணக்கு இருக்கிறது: ஒரு சுற்றில் குறைந்தது 15 டிகிரிக்காவது சுமை எதிர்த்திசையில் இருக்க வேண்டும், அந்த எதிர்ச்சுமை மற்றப் பக்கச் சுமையில் 3 சதவீதமாவது இருக்க வேண்டும்.

இதைத் தெரிந்துகொள்ள எங்களுக்கு ஒரு பின் செலவானது. இரண்டாம் ஸ்டேஜ் சிலிண்டரின் வெளிப்பக்கத்தில் காற்றை உள்ளே விடும் சக்‌ஷன் வால்வில் பிளேட் உடைந்துவிட்டது. பிரஷர் கொஞ்சம் குறைந்ததே தவிர மிஷின் ஓடியது. தீபாவளி நேரம், ஆர்டர் நெருக்கடி. "ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கலாம்" என்று நானும் ஒத்துக்கொண்டேன். வெளிப்பக்கம் அழுத்தம் இல்லை, உள்பக்கம் மட்டும் அழுத்துகிறது. ராட் எப்போதும் இழுபட்டபடியே இருக்க, பின் ஒரே பக்கத்தில் ஒட்டிக்கொண்டு ஓடியிருக்கிறது. ஒன்பதாம் நாள் லேசான தட்டல் சத்தம். கேஜில் ஆயில் பிரஷர் அப்போதும் சரியாக 2.6. கழற்றிப் பார்த்தால் புஷ்ஷின் ஒரு பக்கம் தேய்ந்து வழித்தெடுத்த மாதிரி, மறுபக்கம் புதுசு போலப் பளபளப்பு. பின் நீலம் பாய்ந்திருந்தது. ஆயில் பம்பில் ஒரு குறையும் இல்லை. அன்றிலிருந்து வால்வு உடைந்த மிஷினை ஒரு ஷிஃப்ட் கூட ஓட விட்டதில்லை. உங்கள் மிஷினிலும் சிலிண்டரின் ஒரு பக்க வால்வைக் கழற்றிவிட்டுப் பாதி லோடில் ஓட்டலாம் என்று யாராவது சொன்னால், மிஷின் தயாரித்தவர்களின் எழுத்துப்பூர்வமான அனுமதி இல்லாமல் செய்யாதீர்கள்.

சரி, தினசரி என்ன பார்க்க வேண்டும்?

ஸ்டார்ட் செய்வதற்கு முன் லெவல் கண்ணாடியில் ஆயில் பாதிக்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். மிஷின் நிற்கும்போது ஒரு லெவல், ஓடும்போது அதைவிடக் கொஞ்சம் இறங்கிய லெவல். இரண்டையும் பெயின்டில் கோடு போட்டு வைத்துவிட்டால் குழப்பம் இருக்காது. ஒரு நாளுக்கு மேல் நின்றிருந்தால், கையால் இயக்கும் ஆயில் பம்ப் இருக்கும் மிஷினில் கேஜ் முள் அசையும் வரை அடியுங்கள். ஃப்ளைவீலைக் கையால் இரண்டு மூன்று சுற்று சுற்றுங்கள். லூப்ரிகேட்டரின் கைப்பிடியையும் முப்பது நாற்பது தடவை ஆட்டி, சிலிண்டருக்கு முதல் சொட்டுகளைக் கொடுத்துவிடுங்கள். அப்புறம் லோடு இல்லாமல் ஸ்டார்ட் செய்து, கண்ணைக் கேஜில் வையுங்கள். மனதுக்குள் பத்து எண்ணுவதற்குள் பிரஷர் வந்தாக வேண்டும். வரவில்லை என்றால் "வரும், வரும்" என்று காத்திருக்காமல் நிறுத்திவிடுங்கள்.

ஒரு தடவை கேபிள் வேலை முடிந்து ஸ்டார்ட் போட்டோம், பிரஷர் வரவே இல்லை. ஃபில்டரைக் கழற்றினார்கள், பம்பைக் கழற்றப் போனார்கள். நான் ஃப்ளைவீல் கவசத்தில் இருந்த அம்புக்குறியைக் காட்டினேன். இரண்டு ஃபேஸ் மாறிப்போய், மோட்டார் தலைகீழாகச் சுற்றியிருந்தது. கியர் பம்ப் சம்பிலிருந்து இழுப்பதற்குப் பதிலாகச் சம்புக்கே தள்ளிக்கொண்டிருந்தது. எலக்ட்ரீஷியன் மோட்டாரைத் தொட்டால், அடுத்த ஸ்டார்ட்டில் முதலில் பார்க்க வேண்டியது சுற்றும் திசை.

ஓடும்போது பிரஷரை மட்டும் எழுதினால் பாதி விஷயம்தான் எழுதியதாகும். ஆயில் வெப்பநிலையைப் பக்கத்திலேயே எழுதுங்கள். காலையில் 38 டிகிரியில் 3.0 கிலோ காட்டும், மதியம் 58 டிகிரியில் 2.6 காட்டும், ஆயில் சூட்டில் இளகியதால் வந்த வித்தியாசம், பயம் இல்லை. ஆனால் போன மாதம் 58 டிகிரியில் 2.6 காட்டியது இந்த மாதம் அதே 58 டிகிரியில் 2.2 காட்டுகிறது என்றால் எங்கேயோ கோளாறு: பேரிங் தேய்ந்திருக்கும், அல்லது பம்ப் தேய்ந்திருக்கும், அல்லது ஸ்ட்ரெய்னர் அடைத்திருக்கும். கூடுதல் பிரஷரைத் திருப்பிவிடும் ரிலீஃப் வால்வை இறுக்கிப் பிரஷரை ஏற்றிக் காட்டுவது சுலபம். அப்படிச் செய்தவரையும் பார்த்திருக்கிறேன். அது ஜுரமானியில் பாதரசத்தைக் கீழே உதறிவிட்டு ஜுரம் போய்விட்டது என்று சொல்வது போல. முதலில் ஸ்ட்ரெய்னர், அடுத்து ஃபில்டர், அதற்கப்புறம்தான் மற்றது. ஃபில்டருக்கு முன்னும் பின்னும் உள்ள பிரஷர் வித்தியாசம் முக்கால் கிலோவைத் தாண்டினால் நாங்கள் எலிமென்டை மாற்றிவிடுவோம். லோ ஆயில் பிரஷர் ஸ்விட்ச் உண்மையில் மோட்டாரை நிறுத்துகிறதா என்பதை மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோதித்துப் பாருங்கள். பேனலில் விளக்கு எரிந்தால் மட்டும் போதாது.

ஸ்ட்ரெய்னர் என்றதும் மில்காரர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. எங்கள் இடத்தில் பஞ்சு வேஸ்ட் இலவசம், கை நீட்டினால் கிடைக்கும். அதை எடுத்துக் கிராங்க் கேஸைத் துடைக்காதீர்கள். ஒவ்வொரு துடைப்பிலும் ஆயிரம் இழை உள்ளே விட்டுப்போகும், எல்லாம் மிதந்துபோய் ஸ்ட்ரெய்னரில் கம்பளி விரித்த மாதிரி படியும். துவைத்துத் துவைத்து நைந்த பழைய வேட்டித் துணி நல்லது. நான் வீட்டிலிருந்து கொண்டுபோய் ஒரு மூடி போட்ட டப்பாவில் வைத்திருந்தேன்.

ஆயில் கெட்டதா என்று பார்க்க லேப்புக்கு அனுப்புவது உத்தமம். அதற்கு முன் நாமே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ஆயில் கூலர் ட்யூபில் ஓட்டை, அல்லது ஜாக்கெட் கேஸ்கெட் போயிருக்கிறது. சந்தேகமாக இருந்தால் மிஷின் ரூமுக்கு வெளியே ஒரு இரும்புத் தகட்டைச் சூடாக்கி, அதன் மேல் ஒரே ஒரு சொட்டு விடுங்கள். சுத்தமான ஆயில் சும்மா பரவும். தண்ணீர் இருந்தால் கடுகு பொரிவது போல் படபடவென்று பொரியும். முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் மிஷினில் 2,000 மணி நேரத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றினோம்; உங்களுடையதற்குக் கையேட்டில் உள்ளதைப் பின்பற்றுங்கள்.

எந்த ஆயில்? காற்று கம்ப்ரசருக்கு ஐஎஸ்ஓ விஜி 100 அல்லது 150. அந்த எண், 40 டிகிரியில் ஆயில் எவ்வளவு கெட்டி என்பதைச் சொல்கிறது. டிரம்மில் டின் 51506 விடிஎல் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். அழுத்தும் சூடு 220 டிகிரி வரை போகும் காற்று கம்ப்ரசர்களுக்கான ஜெர்மன் தரம் அது. லாரிக்கு ஊற்றும் இன்ஜின் ஆயிலை ஊற்ற வேண்டாம். அதில் இருக்கும் டிடர்ஜென்ட் தண்ணீரைப் பிரித்துவிடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். சிலிண்டரில் எரிந்தால் சாம்பலையும் விட்டுப்போகும். அப்புறம், டிரம்மை வெளியில் நிமிர்த்தி வைக்காதீர்கள். மேல் தகட்டில் மழைத்தண்ணீர் தேங்கும். பகல் சூட்டில் டிரம்முக்குள் இருக்கும் காற்று விரிந்து வெளியேறி, இரவில் சுருங்கும்போது அந்தத் தண்ணீரை மூடி வழியாக உள்ளே உறிஞ்சிவிடும். படுக்க வைத்து, இரண்டு மூடியும் கடிகாரத்தில் 3 மணிக்கும் 9 மணிக்கும் நேராக இருக்கும்படி திருப்பி வையுங்கள்.

இனி அந்தச் சாப்பாட்டு டப்பா.

லூப்ரிகேட்டர் பெட்டிக்குள் ஒவ்வொரு பாயின்டுக்கும் ஒரு சின்ன பிளஞ்சர் பம்ப். எங்களுக்கு நான்கு: சிலிண்டர் இரண்டு, பேக்கிங் இரண்டு. ஒவ்வொன்றின் மேலும் ஒரு கண்ணாடிக் குழல், அதற்குள் கிளிசரின். ஆயில் கிளிசரினைவிட லேசு. அதனால் சொட்டு கீழே விழாது, மேலே ஏறும். கம்பி நுனியில் மணி மாதிரி திரண்டு, கழன்று, மெதுவாக மேலே மிதந்து போவதை நின்று பார்த்துக்கொண்டே இருக்கலாம். மேலே போன ஆயில் மெல்லிய ட்யூப் வழியாகச் சிலிண்டருக்குப் போகும். சிலிண்டர் வாசலில் ஒரு என்.ஆர்.வி. (ஒருவழி வால்வு) இருக்கும், ஆயிலை உள்ளே விடும், காற்றை வெளியே விடாது.

எத்தனை சொட்டு வைப்பது? இதற்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு. சிலிண்டர் விட்டம் அங்குலத்தில், ஸ்ட்ரோக் அங்குலத்தில், ஆர்பிஎம், மூன்றையும் பெருக்கி, வந்ததை 62.8-ஆல் பெருக்கி, ஒரு கோடியால் வகுத்தால் ஒரு நாளைக்கு எத்தனை குவார்ட் ஆயில் என்று வரும். ஒரு குவார்ட் 946 மில்லி. எங்கள் முதல் ஸ்டேஜுக்குப் போடுவோம்: 12 × 5 × 730 = 43,800. அதை 62.8-ஆல் பெருக்கினால் 27,50,640. ஒரு கோடியால் வகுத்தால் 0.275 குவார்ட், அதாவது 260 மில்லி. இரண்டாம் ஸ்டேஜுக்கு இதே வழியில் 152 மில்லி. மொத்தம் 412 மில்லி, 24 மணி நேரத்துக்கு. 100 ஹெச்பி மிஷினின் இரண்டு சிலிண்டருக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு அரை லிட்டர்கூட வேண்டாம். பையன்கள் இதை முதலில் நம்புவதில்லை.

மில்லியைச் சொட்டாக மாற்ற வேண்டும். சொட்டின் அளவு ஆயிலைப் பொறுத்து, கம்பி நுனியைப் பொறுத்து மாறும். அதனால் யாரோ சொன்ன எண்ணை எடுத்துக்கொள்ளாமல் நீங்களே அளந்து பாருங்கள். மிஷின் நிற்கும்போது, சிலிண்டர் பக்கம் ட்யூபின் நட்டைக் கழற்றி, அடியில் மருந்துக்கடையில் கிடைக்கும் 5 மில்லி சிரிஞ்சை ஊசி இல்லாமல், வாயை அடைத்து, பிளஞ்சரை எடுத்துவிட்டு நிமிர்த்திப் பிடியுங்கள். இன்னொருவர் லூப்ரிகேட்டர் கைப்பிடியை மெதுவாக ஆட்டட்டும். கண்ணாடியில் நூறு சொட்டு எண்ணுங்கள். எங்களுக்கு நூறு சொட்டு 3 மில்லி வந்தது, அதாவது ஒரு மில்லிக்கு 33 சொட்டு. முதல் ஸ்டேஜுக்கு 260 மில்லியை 1,440 நிமிடத்தால் வகுத்தால் நிமிடத்துக்கு 0.18 மில்லி, ஆறு சொட்டு. இரண்டாம் ஸ்டேஜுக்கு இரண்டு நிமிடத்துக்கு ஏழு சொட்டு. பேக்கிங்குக்கு நிமிடத்துக்கு இரண்டு வைத்திருந்தோம். ட்யூபை மறுபடி மாட்டும்போது காற்றுக்குமிழ் இல்லாமல் ஆயில் நிரம்பி வழிந்த பிறகு நட்டை இறுக்குங்கள். புது ரிங் அல்லது புது லைனர் (சிலிண்டரின் உள்சுவர்க் குழல்) போட்டால் முதல் 200 மணி நேரத்துக்கு இதை இரண்டு மடங்காக வைத்து, அப்புறம் இறக்குங்கள். இறக்க மறந்துவிடுவார்கள், லூப்ரிகேட்டர் மேலேயே தேதி எழுதிய சீட்டை ஒட்டுங்கள்.

கூடினால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பார்கள். நைட் ஷிஃப்டில் ஒரு பையன் இருந்தான், மிஷின் மேல் உண்மையான அக்கறை உள்ளவன். ஆறு சொட்டு பார்க்கக் கொஞ்சமாக இருக்கிறது என்று அவனாகவே இருபதாக்கிவிட்டான். நாங்களும் கவனிக்கவில்லை. இரண்டு மாதத்தில் ஆட்டோகோனர் மேஸ்திரி கையில் ஒரு கோனோடு வந்து நின்றார். வெள்ளை நூலில் ஒட்டுப்போட்ட இடத்திலெல்லாம் மஞ்சள் புள்ளி. காற்றோடு போன ஆயில் ஃபில்டரையும் நனைத்துக் கடந்து நூலுக்கே போய்விட்டது. அன்றைக்கே இரண்டாம் ஸ்டேஜில் அழுத்திய காற்று வெளியேறும் டிஸ்சார்ஜ் வால்வைத் திறந்தோம். தோசைக்கல்லில் வாரக்கணக்கில் சுரண்டாமல் விட்ட மாதிரி கருப்புப் பொருக்கு. வால்வு பிளேட் பாதி ஒட்டிப்போயிருந்தது.

கோன் போனால் போகட்டும். அந்தப் பொருக்கைப் பார்த்துத்தான் எனக்குக் கை நடுங்கியது. 35 டிகிரி காற்றை இரண்டு ஸ்டேஜில் 7 கிலோவுக்கு அழுத்தும்போது ஒவ்வொரு ஸ்டேஜிலும் டிஸ்சார்ஜ் சூடு 140 டிகிரி பக்கம் வரும். வால்வு கரி பிடித்துச் சரியாக மூடவில்லை என்றால், வெளியே போன சூடான காற்றே திரும்ப உள்ளே வந்து மறுபடி அழுத்தப்படும். சூடு ஏறிக்கொண்டே போகும். அதிக சூடு இன்னும் கரியை உண்டாக்கும். ஒரு கட்டத்தில் கரியே கனன்று, பைப்பில் படிந்திருக்கும் ஆயில் தீப்பிடிக்கும். காற்று கம்ப்ரசரின் டிஸ்சார்ஜ் லைன் வெடிப்பது பெரும்பாலும் இப்படித்தான். அதனால் இரண்டு ஸ்டேஜின் டிஸ்சார்ஜ் சூட்டையும் ஷிஃப்டுக்கு ஒருமுறையாவது எழுதுங்கள்; வழக்கத்தைவிட 15 டிகிரி கூடினால் வால்வைத் திறந்து பாருங்கள். கரியைச் சுத்தம் செய்ய மண்ணெண்ணெயோ பெட்ரோலோ தொடவே கூடாது. மிச்சம் நிற்கும் ஆவியே அடுத்த ஸ்டார்ட்டில் வெடிமருந்தாகிவிடும். சோப்புத் தண்ணீர், பிரஷ், அப்புறம் நன்றாகக் காயவைத்து லேசாக ஆயில் தடவுவது, அவ்வளவு போதும்.

குறைந்தால் வேறு முகம். ரிங் காய்ந்து, லைனரில் நீளவாக்கில் கோடு விழும், வால்வில் உலர்ந்த கருந்தூள் படியும். குறைவதற்கு முக்கியக் காரணம் சொட்டு எண்ணிக்கை இல்லை, என்.ஆர்.வி.தான். அது பழுதானால் சிலிண்டரின் சூடான காற்று ட்யூபுக்குள் பின்னோக்கி வரும். ஓடும்போது ஒவ்வொரு ட்யூபையும் சிலிண்டரிலிருந்து ஒரு ஜாண் தள்ளி, புறங்கையால் லேசாகத் தொட்டுப் பாருங்கள். மற்றதைவிட ஒன்று சுட்டால் அதன் என்.ஆர்.வி. போய்விட்டது. கண்ணாடிக் குழலுக்குள் குமிழி ஏறினாலும் அதே அர்த்தம்.

கேஸ் கம்ப்ரசர்களில், சிஎன்ஜி ஸ்டேஷன் மாதிரி இடங்களில், ஒவ்வொரு பாயின்டுக்கும் தனிப் பம்ப் இருக்காது. ஒரு பம்ப், அதற்கடுத்து ஒரு டிவைடர் பிளாக். உள்ளே சின்னப் பிஸ்டன்கள் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்து ஆயிலைப் பங்கு பிரிக்கும். ஒன்று நகர்ந்து முடித்தால்தான் அடுத்தது நகர முடியும். அதனால் ஒரு லைன் அடைத்தால் எல்லாமே நின்றுவிடும், நோ-ஃப்ளோ ஸ்விட்ச் மிஷினை நிறுத்தும், அல்லது பிரஷர் ஏறி சேஃப்டி டிஸ்க் கிழியும். அந்த டிஸ்க் கிழிந்தால் அதற்குப் பதில் நாணயத்தையோ தகட்டையோ வெட்டி வைக்காதீர்கள். அடைத்த லைனைத் தேடுங்கள். ஆக்சிஜன் கம்ப்ரசர் என்றால் இந்தக் கட்டுரையில் சிலிண்டரைப் பற்றிச் சொன்ன எதுவும் பொருந்தாது. அங்கே கனிம எண்ணெய் ஒரு துளி உள்ளே போனாலும் வெடிக்கும். அந்த மாதிரி மிஷினில் டெஃப்லான் ரிங் போட்டு, சிலிண்டரை ஆயிலே இல்லாமல் ஓட்டுவார்கள். கிராங்க் கேஸ் ஆயில் பிஸ்டன் ராடில் ஒட்டிக்கொண்டு போய்விடாதபடி நடுவில் நீளமான இடைவெளி விட்டு, வழித்துவிடும் ரிங்கும் தட்டும் வைத்திருப்பார்கள். எங்கள் மிஷினிலும் ஆயிலை வழிக்கும் ரிங் உண்டு. லூப்ரிகேட்டரைக் குறைத்த பிறகும் காற்றில் ஆயில் குறையவில்லை என்றால், அந்த ரிங் தேய்ந்து கிராங்க் கேஸ் ஆயில் ராட் வழியாகப் போகிறது என்று சந்தேகப்படுங்கள். கிராங்க் கேஸில் வழக்கத்தைவிட அடிக்கடி டாப்-அப் செய்கிறோமா என்று ரிஜிஸ்டரைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கையை விட்டுவிடக் கூடாது. ஆயில் பிரஷர் குறைந்தோ, பேரிங் சூடாகியோ மிஷின் நின்றுவிட்டால், என்ன ஆயிற்று என்று பார்க்கும் ஆவலில் கிராங்க் கேஸ் கதவை உடனே திறக்காதீர்கள். உள்ளே ஆயில் ஆவி நிறைந்திருக்கும், எங்கேயோ ஓர் இடம் கொதித்துக்கொண்டிருக்கும். வெளிக்காற்று உள்ளே போனால் தீப்பிடிக்கும். அரை மணி நேரம் ஆற விட்டு அப்புறம் திறங்கள்.

சொட்டு சரியா என்று கடைசியில் சிலிண்டரைத்தான் கேட்க வேண்டும். இதற்கு நாங்கள் செய்தது சிகரெட் சுற்றும் தாள் சோதனை. மெழுகு பூசாத மெல்லிய தாள், கடையில் சின்னக் கட்டாகக் கிடைக்கும். லோடில் ஓடிய மிஷினை நிறுத்தி, மெயின் ஸ்விட்சைப் பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, ரிசீவர் பக்க வால்வை மூடி, சிலிண்டரில் இருக்கும் காற்றை முழுவதும் வெளியே விடுங்கள். பிஸ்டன் கிராங்க் பக்கம் உள்ளே தள்ளி நிற்கும்படி ஃப்ளைவீலைத் திருப்பி, அது நகராதபடி கட்டை கொடுங்கள். வெளிப்பக்க வால்வைக் கழற்றுங்கள். இரண்டு தாளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, உள்ளே கைவிட்டு, லைனரின் உச்சியிலிருந்து வளைவை ஒட்டி நாலு விரல் தூரம் லேசாக வழியுங்கள். அழுத்த வேண்டாம். வெளியே எடுத்துத் தாள்களைப் பிரியுங்கள். லைனரைத் தொட்ட தாளில் ஆயில் படிந்திருக்க வேண்டும், இரண்டாம் தாள் ஊறியிருக்கக் கூடாது. இரண்டுமே ஊறியிருந்தால் ஒரு சொட்டைக் குறைத்துவிட்டு அடுத்த வாரம் மறுபடி பாருங்கள். முதல் தாளே உலர்ந்திருந்தால் கூட்டுங்கள், கூட்டுவதற்கு முன் என்.ஆர்.வி.யைப் பாருங்கள். பக்கச் சுவர்களிலும் இதே மாதிரி புதுத் தாளில் எடுங்கள்.

அந்தத் தாள்களை நான் தூக்கிப் போட்டதில்லை. தேதியும், ஸ்டேஜும், அன்றைய சொட்டு எண்ணிக்கையும் ஓரத்தில் பென்சிலால் எழுதி, மிஷின் ரிஜிஸ்டரில் அந்தந்த மாதத்துப் பக்கத்தில் பின் செய்து வைத்துவிடுவேன். பேனா மை ஆயிலில் கலைந்துவிடும், பென்சில் நிற்கும்.